சப்ரஸர் மாட்டியதும் ஏஆர் முரண்டு பிடிக்கிறதா? பிராஸைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்

சப்ரஸர் (சத்தத்தை அடக்கப் பேரல் முனையில் மாட்டும் குழாய்) இல்லாதவரை ஒழுங்காக ஓடிய ஏஆர்-15 ரைஃபிள், அதை மாட்டிய அன்றே பிராஸை, அதாவது சுட்ட காலிக் கூட்டை, முன்பக்கம் வீசி எறிகிறது, கண்ணில் புகை அடிக்கிறது, நான்காவது தோட்டாவில் சிக்கிக்கொள்கிறது. இல்லையென்றால் இதற்கு நேர்மாறு: வீட்டில் ஒவ்வொன்றாக எடைபோட்டுத் தயாரித்த தோட்டா, அதாவது ஹேண்ட்லோடு, தாளில் ஒரே இடத்தில் அடிக்கிறது, ஆனால் கடைசி தோட்டாவுக்கு அப்புறம் போல்ட் (தோட்டாவின் பின்னால் மூடிப் பூட்டும் பாகம்) பின்னால் நிற்க மாட்டேன் என்கிறது. இரண்டு வகை ஆட்களும் செய்யும் தவறு ஒன்றேதான். கனமான பஃபர் (போல்ட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு இருக்கும் எடை), புது ஸ்பிரிங், அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக் (வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) மூன்றையும் ஒரே வாரத்தில் வாங்கி மாட்டிவிடுவார்கள். அப்புறம் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று அவர்களுக்கே தெரியாது.

நான் இருப்பது டெக்சாஸ். இங்கே ராத்திரியில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் சப்ரஸர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 42 மாநிலங்களில் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். 1934 சட்டத்தில் வந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் சைபர் ஆகிவிட்டது, பதிவும் அனுமதியும் மட்டும் அப்படியே இருக்கின்றன. வரி போனதால் முதல்முறையாக வாங்குகிறவர்கள் அதிகம், அதனால் கேள்விகளும் அதிகம். கீழே இருப்பது முழுக்க ஏஆர் வகை ரைஃபிளுக்கானது, கடைசியில் 300 பிளாக்அவுட் என்ற இன்னொரு தோட்டா வகை பற்றிக் கொஞ்சம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம், இல்லையென்றால் மற்றது எதுவும் பிடிபடாது. புல்லட் பேரலில் இருக்கும் சின்ன வாயுத் துளையைத் தாண்டியதும் கொஞ்சம் வாயு அந்தத் துளை வழியாக கேஸ் டியூபுக்குள் புகுந்து, போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் போல்ட் கேரியரின் உள்ளே வந்து விரிந்து, அதைப் பின்னால் தள்ளுகிறது. புல்லட் பேரல் முனையை விட்டு வெளியே போன கணத்தில் உள்ளே அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும், தள்ளல் அதோடு முடிந்தது. சப்ரஸர் மாட்டினால் முனையில் ஒரு பெரிய அறை வந்துவிடுகிறது. வாயு வெளியேறத் தாமதமாகிறது, துளைக்கு எதிரே அழுத்தம் கூடுதல் நேரம் நிற்கிறது, கேரியருக்குக் கூடுதல் தள்ளல் கிடைக்கிறது. சேம்பரின் (தோட்டா உட்காரும் இடம்) உச்ச அழுத்தம் இதனால் கூடுவதில்லை என்பதை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள், ஏனென்றால் அந்த உச்சம் புல்லட் பேரலின் முதல் சில அங்குலங்களில் இருக்கும்போதே வந்து போய்விடுகிறது. ஹேண்ட்லோடு வேறு விதம்: அது உச்சத்தையும் மாற்றும், துளைக்கு எதிரே எவ்வளவு அழுத்தம் மிஞ்சுகிறது என்பதையும் மாற்றும். வேகமாக எரியும் பவுடர் உச்சத்தைச் சீக்கிரம் தொட்டுவிட்டு, துளைக்கு வரும்போது களைத்துப் போயிருக்கும். மெதுவாக எரிவது உச்சம் குறைவாக இருந்தாலும் துளையில் நன்றாகத் தள்ளும்.

பவுடரை மாற்றினால் ரைஃபிளின் ஓட்டமே மாறும் என்பதற்கு வியட்நாம் காலத்து எம்16, அதாவது ஏஆரின் ராணுவ வடிவம், பெரிய உதாரணம். யூஜீன் ஸ்டோனரின் வடிவமைப்பு குச்சிப் பவுடரோடு (துகள்கள் குச்சி வடிவில் இருக்கும்) வளர்ந்தது. ராணுவம் உருண்டைத் துகள் கொண்ட பந்துப் பவுடருக்கு மாறியதும் சுடும் வேகம் கூடியது, அழுக்கும் கூடியது, சிக்கல்கள் பெருகின. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு விசாரிக்கும் அளவுக்குப் போனது. துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் சாதனங்கள் போதவில்லை, சேம்பருக்குக் குரோம் பூசவில்லை என்ற காரணங்களும் இருந்தன, ஆனால் பவுடர் மாற்றம் முக்கியமான ஒன்று.

எதையும் கழற்றுவதற்கு முன்னால்: நான்கு கட்டச் சோதனை

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். சப்ரஸர் இல்லாமல் கடைத் தோட்டா, சப்ரஸரோடு கடைத் தோட்டா, சப்ரஸர் இல்லாமல் ஹேண்ட்லோடு, சப்ரஸரோடு ஹேண்ட்லோடு. ஒவ்வொன்றிலும் பத்துத் தோட்டா, அதே மேகசின், அதே நாள். கடைத் தோட்டா நல்ல பெயருள்ள முழு அழுத்தத் தோட்டாவாக இருக்கட்டும். ஒவ்வொரு பத்தின் பிராஸையும் தனித்தனிப் பையில் போட்டுப் பையின் மேல் எழுதுங்கள், கீழே ஒரு விரிப்பு போட்டுக்கொண்டால் பொறுக்குவது சுலபம்.

நாற்பது தோட்டா செலவு என்று முனகாதீர்கள். கடைத் தோட்டா இரண்டு கட்டத்திலும் ஓடி, ஹேண்ட்லோடு இரண்டிலும் திணறினால் ரைஃபிளைத் தொடவே வேண்டாம், வேலை நீங்கள் தோட்டா தயாரிக்கும் ரீலோடிங் மேசையில் இருக்கிறது. என்னிடம் கேட்டு வந்தவர்களில் பாதிக்குமேல் இந்த இடத்திலேயே விடை கிடைத்துப் போனவர்கள்தான்.

பிராஸ் விழும் திசையை மணிக்கணக்கில் சொல்வோம். பேரல் முனை 12, உங்கள் வலது தோள் பக்கம் 3, நேர் பின்னால் 6. மூன்றிலிருந்து நாலரை வரை விழுந்தால் நல்லது. ஒன்று, ஒன்றரை என்று முன்னால் பறந்தால் கேரியர் மிக வேகமாகப் போகிறது. ஐந்துக்கு அருகே சோம்பலாக விழுந்தால் தள்ளல் போதவில்லை. ஆனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், கூட்டை வெளியே தட்டிவிடும் எஜெக்டரின் ஸ்பிரிங் பலவீனமானாலும், கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் பிடி மாறினாலும் திசை மாறும். ஒரே ரைஃபிளில் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

அறிகுறி: கடைசி தோட்டாவுக்குப் பிறகு போல்ட் பின்னால் நிற்கவில்லை

எல்லோரும் உடனே "வாயு போதவில்லை" என்பார்கள். பல நேரம் அது சரி. ஆனால் வாயு அதிகமானாலும் இதே அறிகுறி வரும், அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன். கேரியர் மிக வேகமாகப் பின்னால் போய் மோதித் திரும்பும்போது, மேகசினின் ஃபாலோயர் (தோட்டாக்களுக்கு அடியில் இருக்கும் தட்டு) போல்ட் கேட்சை (போல்ட்டைப் பின்னால் நிறுத்தும் கொக்கி) தூக்கி முடிப்பதற்குள் போல்ட் அதைத் தாண்டிவிடுகிறது. வெளியே இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பிரித்தறியும் வழி: மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள், ஐந்து முறை. பிராஸ் ஐந்து மணிக்கு அருகே விழுந்து போல்ட்டும் நிற்கவில்லை என்றால் தள்ளல் குறைவு. பிராஸ் ஒரு மணிப் பக்கம் பறந்து, தோளில் உதையும் கூர்மையாக இருந்து, போல்ட் நிற்கவில்லை என்றால் தள்ளல் அதிகம். மேகசினை மாற்றியும் ஒருமுறை பாருங்கள், ஸ்பிரிங் தளர்ந்த பழைய மேகசின் இந்த விஷயத்தில் எத்தனையோ பேரை அலையவிட்டிருக்கிறது.

தள்ளல் குறைவு என்று உறுதியானால், ஹேண்ட்லோடில் மட்டும் வருகிறதா என்று தாளைப் பாருங்கள். லோடு புத்தகத்தில் ஆரம்ப அளவு என்று போட்டிருப்பதை வைத்துத் தொடங்கியிருந்தால் இது சகஜம், அந்த அளவு பாதுகாப்புக்காகப் போட்டது, உங்கள் ரைஃபிளை ஓட்டுவதற்காகப் போட்டதல்ல. புத்தகத்தின் வரம்புக்குள்ளேயே சின்னச் சின்னப் படியாக ஏற்றிப் பாருங்கள். மேல் வரம்பைத் தொட்டும் ஓடவில்லை என்றால் அதைத் தாண்டாதீர்கள், அந்தப் பவுடர் உங்கள் வாயு அமைப்புக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். கடைத் தோட்டாவிலும் வருகிறது என்றால் கேரியரின் மேல் இருந்து வாயுவை உள்ளே வாங்கும் கேஸ் கீ ஆடுகிறதா, கேஸ் பிளாக் நகர்ந்து துளையை மறைக்கிறதா, எண்ணெய் வற்றியிருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள்.

அறிகுறி: பிராஸ் முன்னால் பறக்கிறது, விளிம்பு கிழிகிறது, கூடு சேம்பரிலேயே நின்றுவிடுகிறது

சப்ரஸர்க்காரர்கள் கேட்பதில் முக்கால்வாசி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு கூட்டை உள்ளங்கையில் வைத்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எக்ஸ்ட்ராக்டர் பிடித்த இடத்தில் விளிம்பு வெளிப்பக்கம் வளைந்திருக்கும், மோசமாகப் போயிருந்தால் நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல ஒரு துண்டே காணாமல் போயிருக்கும். எழுத்துகள் பொறித்த தட்டையான பரப்பில், எஜெக்டர் துளைக்கு நேரே, சின்ன வட்டமாக ஒரு மேடும் அதிலிருந்து வால்போல இழுபட்ட பளபளப்பான தேய்ப்பும் தெரியும். நடப்பது இதுதான்: சுட்டவுடன் பித்தளை விரிந்து சேம்பர் சுவரைக் கவ்விப் பிடிக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கிப் பிடியை விடும். சப்ரஸரால் அழுத்தம் இன்னும் இறங்காத நேரத்தில், வேகம் கூடிய கேரியர் போல்ட்டைத் திருப்பித் திறந்து இழுக்கிறது. கூடு பிடித்துக்கொண்டிருக்கிறது, எக்ஸ்ட்ராக்டர் இழுக்கிறது, நடுவில் விளிம்பு கிழிகிறது.

இங்கே ஒரு ஆபத்தான குழப்பம் உண்டு. அந்தப் பளபளப்பான தேய்ப்பு, லோடு அழுத்தம் மீறியதற்கும் அடையாளம். நான்கு கட்டத் தாள் இங்கேதான் உயிரைக் காப்பாற்றும். சப்ரஸரோடு இரண்டு வகைத் தோட்டாவிலும் தேய்ப்பு வந்து, கழற்றியதும் இரண்டிலும் மறைந்தால் போல்ட் சீக்கிரம் திறக்கிறது, வாயுவைக் குறைக்க வேண்டும். சப்ரஸர் இல்லாமலே ஹேண்ட்லோடில் தேய்ப்பு தெரிந்தால் அந்த லோடில் அழுத்தம் அதிகம், பவுடரைக் குறைக்காமல் இன்னொரு தோட்டாகூடச் சுடாதீர்கள். பஃபரைக் கனமாக்கி அந்த அடையாளத்தை மறைத்துவிடலாம், உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும், மறைத்தவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார். அதே பையில் இருக்கும் பிரைமர்களை (கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தொட்டுப் பாருங்கள், அது உட்காரும் பாக்கெட் தளர்ந்து பிரைமர் தானாகக் கழன்று வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். கழன்ற பிரைமர் டிரிகருக்கு அடியில் விழுந்து அதை முடக்கும். காரணமே இல்லாமல் டிரிகர் வேலை செய்யவில்லை என்றால் மேகசினைக் கழற்றி, சேம்பர் காலியா என்று பார்த்துவிட்டு, லோயரை, அதாவது டிரிகர் இருக்கும் கீழ்ப்பாகத்தை, திறந்து குலுக்கிப் பாருங்கள்.

சரி, வாயுதான் அதிகம் என்று தெரிந்துவிட்டது. எதை முதலில் மாற்றுவது? என் விருப்பம் அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக், ஏனென்றால் அது நோயின் வேரில் கை வைக்கிறது. ராணுவ எம்4-ன் வாயுத் துளை 0.0625 அங்குலம். வணிகச் சந்தைக்கு வரும் பல பேரல்களில், மலிவான பலவீனத் தோட்டாவும் ஓட வேண்டும் என்பதற்காகத் துளையை இதைவிடப் பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள். சப்ரஸர் இல்லாமலே அது அதிகம், மாட்டினால் கேட்கவே வேண்டாம்.

பஃபரை மாற்றுவது இரண்டாவது. சாதாரண கார்பைன் பஃபர் சுமார் 3 அவுன்ஸ், எச் சுமார் 3.8, எச்2 சுமார் 4.6, எச்3 சுமார் 5.4. பஃபர் வாயுவைக் குறைக்காது, கேரியர் கிளம்புவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆனால் விலை குறைவு, மாற்ற அரை நிமிடம், அதனால் ஒரு படி ஏற்றிப் பார்ப்பதில் தவறில்லை. பின்னழுத்தம் குறைவாக வடிவமைத்த, வாயுவை முன்பக்கமாக விடும் சப்ரஸர்களும் இப்போது கிடைக்கின்றன. இன்னும் வாங்காதவர் இதை யோசித்து வாங்கினால் பாதிப் பிரச்சினை வராது.

கேஸ் பிளாக்கைச் சரிசெய்யும் முறை: முழுக்க மூடுங்கள். மேகசினில் ஒரு தோட்டா. சுடுங்கள், போல்ட் நிற்காது, கையால் இழுத்துக் கூட்டை வெளியே எடுங்கள். ஒரு கிளிக் திறந்து மறுபடி. போல்ட் முதல்முறை நின்ற இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் ஐந்து முறை நிற்கிறதா பாருங்கள், அப்புறம் ஒன்றிரண்டு கிளிக் கூடுதலாகத் திறந்து விடுங்கள். அந்தக் கூடுதல் கிளிக் அழுக்குக்கும் குளிருக்கும் வைக்கும் ஒதுக்கீடு. சப்ரஸரைக் கழற்றியும் சுடுவீர்கள் என்றால், கழற்றிய நிலையில் உங்களிடம் இருக்கும் பலவீனமான தோட்டாவை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். நான் இதைச் செய்யாமல் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். ஆகஸ்ட் வெயிலில், சப்ரஸரோடு, கச்சிதமாகச் சரிசெய்து வைத்திருந்தேன். ஜனவரியில் உறைபனி விழுந்த ஒரு காலை, அதே பந்துப் பவுடர் லோடு, இரண்டாவது தோட்டாவிலேயே கூடு பாதி வெளியே நீட்டிக்கொண்டு போல்ட்டில் மாட்டி நின்றது. பந்துப் பவுடர்களில் பல, குளிரில் வேகம் இழக்கும். இப்போது குளிர்காலத்துக்கு வெப்பநிலை அதிகம் பாதிக்காத குச்சிப் பவுடருக்கு, பெரும்பாலும் வார்கெட்டுக்கு, மாறிவிட்டேன்.

அறிகுறி: அடுத்த தோட்டா சேம்பருக்குள் போகவில்லை

போகாத தோட்டாவை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். உடம்பின் நடுவில் குறுக்காக ஒரு நசுங்கல் இருந்தால் போல்ட் அதன் பின்னால் வந்து தள்ளாமல் மேலே ஏறி அமுக்கியிருக்கிறது. கேரியர் மிக வேகமாகத் திரும்புகிறது, மேகசின் ஸ்பிரிங் தோட்டாவை மேலே தூக்க நேரம் போதவில்லை. பிராஸ் முன்னால் பறக்கிறது என்றால் மேலே சொன்ன வைத்தியம். தள்ளல் குறைந்து கேரியர் பாதியிலேயே திரும்பினாலும் இதே நசுங்கல் வரலாம், அப்போது பிராஸ் பின்னால் விழும்.

தோட்டா முக்கால்வாசி உள்ளே போய் போல்ட் பூட்டாமல் நின்றால் அது ரீலோடிங் மேசையின் கோளாறு. கூட்டின் கழுத்தை மட்டும் சரிசெய்யும் டை (கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சு) செமி ஆட்டோவுக்கு வேண்டாம், முழு நீள டை போடுங்கள், சுட்ட கூட்டின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) 0.003-லிருந்து 0.004 அங்குலம் வரை பின்னுக்குத் தள்ளுங்கள். போல்ட் ஆக்‌ஷன்காரர்கள் 0.001, 0.002 என்று வைப்பதைக் கேட்டு இங்கே செய்யக் கூடாது. கூட்டின் நீளம் ஏஆரின் வழக்கமான .223 தோட்டாவுக்கு 1.760 அங்குலத்தைத் தாண்டினால் 1.750-க்கு வெட்டுங்கள். மேகசினுக்குள் போக வேண்டும் என்றால் தோட்டாவின் மொத்த நீளம் 2.260-க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தோட்டாவின் அளவு சரியா என்று காட்டும் கேஜில் போட்டுப் பார்ப்பது அலுப்பான வேலை, ஆனால் ஒரு சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே நூறு தோட்டா பார்த்துவிடலாம். சப்ரஸரோடு நிறையச் சுடுகிறவர் சேம்பரையும் அடிக்கடி பாருங்கள், வாயு பின்னால் வரும்போது கரியையும் கூடவே கொண்டு வருகிறது, மேகசினில் இருக்கும் தோட்டாவின் மேல்கூடக் கறுப்பாகப் படியும். எண்ணெயும் சீக்கிரம் காய்ந்துபோகும், வழக்கத்தைவிடத் தாராளமாகவே விடுங்கள்.

இன்னொரு சோதனை, இதை எல்லா ஹேண்ட்லோடுக்காரர்களும் ஒருமுறையாவது செய்ய வேண்டும். ரேஞ்சில், துப்பாக்கி முனை மண்மேட்டைப் பார்த்திருக்க, மேகசினிலிருந்து ஒரு தோட்டாவை போல்ட் முழு வேகத்தில் ஏற்றட்டும், சுடாமல் வெளியே எடுங்கள். பிரைமரின் நடுவில் ஊசியால் லேசாகத் தொட்டதுபோல ஒரு சின்னக் குழி தெரியும். ஏஆரில் பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது, போல்ட் மூடும் அதிர்ச்சியில் அது முன்னால் நகர்ந்து பிரைமரைத் தொட்டுவிட்டு வருகிறது. அந்தக் குழி சகஜம்தான். ஆனால் பிரைமர் விளிம்புக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தாலோ, மிக மென்மையான பிரைமராக இருந்தாலோ, அந்தத் தொடுதலே டிரிகரைத் தொடாமல் வெடிக்கவைத்துவிடலாம். ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி நசுக்கியிருக்கும் கிரிம்ப்பை எடுக்காமல் புதிய பிரைமரை அழுத்தினால் அது முழுக்க உட்காராது. விரல் நுனியால் ஒவ்வொன்றையும் தடவிப் பாருங்கள், கீழே இறங்கியிருக்க வேண்டும். சிசிஐ 41 மாதிரி ராணுவ உணர்திறனுக்குச் செய்த பிரைமர் போட்டால் நிம்மதி. அதே தோட்டாவின் நீளத்தை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். புல்லட் உள்ளே தள்ளப்பட்டிருந்தால் கழுத்துப் பிடி போதவில்லை, அழுத்தம் கூடும்.

அறிகுறி: முகத்தில் புகை, கண் எரிச்சல்

பிராஸ் நல்ல திசையில்தான் விழுகிறது, ஆனாலும் கண் எரிகிறது என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. பேரல் வழியாகவே திரும்பி வரும் வாயு, போல்ட்டைக் கையால் இழுக்கும் சார்ஜிங் ஹேண்டில் இடுக்கில் வெளியேறுகிறது. அந்த இடுக்கை அடைக்கும்படி செய்த ஹேண்டில்கள் கிடைக்கின்றன, ஓரளவு உதவும். இடக்கைக்காரர்களுக்கு, கூடு வெளியேறும் எஜெக்‌ஷன் ஜன்னல் முகத்துக்கு நேரே இருப்பதால் இது கூடுதல் தொல்லை. கண்ணாடி இல்லாமல் யாரும் சுட வேண்டாம்.

300 பிளாக்அவுட் சப்சானிக் லோடுகள்

190-லிருந்து 220 கிரெயின் புல்லட், ஒலியின் வேகத்துக்குக் கீழே. பவுடர் கொஞ்சம்தான், வாயுவும் கொஞ்சம்தான். சப்ரஸர் மாட்டினால் ஓடும், கழற்றினால் ஓடாது என்பது இதில் கோளாறே இல்லை, பல ரைஃபிள்களில் அப்படித்தான். கழற்றியும் ஓட வேண்டும் என்றால் பிஸ்டல் நீள வாயு அமைப்பும், 1680 மாதிரி அதே வேகத்துக்குத் துளையில் அதிக அழுத்தம் தரும் பவுடரும் கைகொடுக்கும்.

இதில் இரண்டு விஷயத்துக்கு மன்னிப்பே கிடையாது. ஒன்று, சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டு போல்ட்டும் அசையவில்லை என்றால் அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். புல்லட் பேரலிலோ சப்ரஸருக்குள்ளேயோ நின்றிருக்கலாம். தோட்டாவை எடுத்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், சப்ரஸர் சத்தத்தை அடக்குவதால் இந்த வித்தியாசம் காதுக்கு எளிதில் பிடிபடாது என்பதையும் மனதில் வையுங்கள். இரண்டு, 300 பிளாக்அவுட் தோட்டா ஏஆரின் வழக்கமான 5.56 காலிபர் மேகசினில் அப்படியே போகும், சில லோடுகளில் 5.56 சேம்பரிலும் போல்ட் மூடிக்கொள்ளும், சுட்டால் ரைஃபிள் வெடித்துச் சிதறும். என் மேகசின்களில் 300-க்கு உரியவற்றுக்கு மட்டும் அகலமான சிவப்பு ரப்பர் பட்டை போட்டிருக்கிறேன், இருட்டில் தடவினாலே தெரியும், ரேஞ்சுக்கு ஒரு நாளில் இரண்டு காலிபரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவதில்லை.

கனமான புல்லட்டை நிலைப்படுத்தும் சுழற்சி பேரலில் இருக்கிறதா என்று சப்ரஸர் மாட்டுவதற்கு முன்னால் தாளில் சுட்டுப் பாருங்கள். ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் போல நீண்டிருந்தால் புல்லட் பக்கவாட்டில் புரண்டு போகிறது, சப்ரஸரின் உள் தடுப்புகளில் இடிக்கும். வட்டமாக இருந்தால், நேர்க்கோட்டுக் கம்பியைப் பேரலுக்குள் விட்டு, அது சப்ரஸர் வாயின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முதல் தோட்டாவை ஏற்றுங்கள்.